கணக்கை முதலில் முடித்த பிள்ளை

கணக்கென்றாலே அஞ்சி ஒடுங்கும் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற கிழமை இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த தாயொருவர் பன்வில பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டு, "சேர், கணக்கு வராத பிள்ளைங்களப் பத்தி எழுதியிருந்தீங்க. என் மகனுக்குக் கணக்கு நல்லா வருது. அதுதான் இப்பக் கரைச்சலா இருக்கு" என்றார். அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மகன் எட்டாந் தரத்திற் படிக்கிறான். மற்றவர்கள் கொப்பியில் திகதியும் தலைப்பும் எழுதி நிமிர்வதற்குள் அவன் கணக்குகளை முடித்துவிடுகிறான். பிறகு பக்கத்தில் இருப்பவனோடு பேசுகிறான், மேசையைக் கீறுகிறான், ஈற்றில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறான். தவணை அறிக்கையில் கணிதத்துக்குத் தொண்ணூற்றுக்கு மேல். அதன் கீழே நடத்தையைப் பற்றி ஒரு குறை.

இத்தகைய பிள்ளை ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் உண்டு. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பர். ஆசிரியர் உலகம் அவர்களுக்கு வழங்கிவரும் பரிசும் பெரும்பாலும் ஒன்றே: "முடிச்சிட்டியா? சரி, அடுத்த பத்தையும் செய்." இதனைப் பரிசு என்று எந்தப் பிள்ளையும் எண்ணுவதில்லை, அபராதம் என்றே எண்ணுகின்றது. விரைவாகச் செய்தவனுக்கு இருபது கணக்கு, ஆறுதலாகச் செய்தவனுக்குப் பத்துக் கணக்கு என்றால், மூளையுள்ளவன் என்ன செய்வான்? இரண்டு கிழமைக்குள் ஆறுதலாகச் செய்யப் பழகிக்கொள்வான். அத்தவணையில் அவன் புதிதாகக் கற்ற பாடம் அது ஒன்றாகவே இருக்கும்.

வேறு சில ஆசிரியர் அவனைச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடுகின்றனர். "நீ போய்ப் பின்வாங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடு." இது இடைக்கிடை நல்லதுதான். பிறருக்கு விளக்கும்போதுதான் நமக்கு விளங்காதது எது என்று தெரியவரும். ஆனால் நாள்தோறும் அதுவே அவன் தொழிலாகிவிட்டால், சம்பளமில்லாத ஓர் உதவி ஆசிரியரை நாம் பெற்றுக்கொண்டோம். ஒரு மாணவனை இழந்துவிட்டோம்.

மூன்றாவது வழி பெற்றார் மிக விரும்பும் வழி. அடுத்த ஆண்டுப் பாடத்தை இவ்வாண்டே பிரத்தியேக வகுப்பிற் படிப்பித்துவிடுவது. முன்னே செல்வதே தவறென்று நான் கூறமாட்டேன். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியன் ஸ்டான்லி என்பவர், இளவயதிலேயே கணிதத்தில் முந்தி நிற்கும் சிறுவரை ஆராயும் பணியை 1971 இல் தொடங்கினார். தகுதி அறிந்து மேல் வகுப்புக்கு விரைந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர் நன்றாகவே விளங்கினர். ஆனால் அங்கே முதலில் தகுதியைச் சோதித்தார்கள். பின்னர் உண்மையான மேற்பாடத்தைக் கொடுத்தார்கள். நம்மவர் செய்வது வேறு. சூத்திரத்தை ஓராண்டு முன்னதாக மனனஞ் செய்விக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஆசிரியர் அதே பாடத்தைத் தொடங்கும்போது, பிள்ளைக்கு அது பழஞ்சோறாகிவிடுகிறது. முன்பு பத்து நிமிடம் சலித்திருந்தவன் இப்போது பாடநேரம் முழுவதும் சலித்திருக்கிறான்.

அவனுக்கு வேண்டியது என்ன? கூடுதலான கணக்குமன்று, அடுத்த ஆண்டுக் கணக்குமன்று. இன்றைய பாடத்திலேயே, உடனே முடிந்துவிடாத ஒரு கேள்வி. அவன் எழுதிக்கொண்டு வருவதைப் படித்துப் பார்க்க ஒரு பெரியவர். இவை இரண்டுமே போதும் என்பது என் துணிபு. இரண்டுக்கும் பணம் வேண்டியதில்லை என்பதை நமது மலைநாட்டுப் பாடசாலைகளை எண்ணியே சொல்கிறேன்.

இவ்விடத்திற் கும்பகோணத்தை நினையாதிருக்க முடியாது. சீனிவாச இராமானுஜன் 1898 இல் அங்குள்ள நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அவரைப் பற்றி எழுதுவோர் நாமகிரித் தாயாரையும் வறுமையையும் கேம்பிரிட்ஜையும் விரித்து எழுதுவர். அப்பள்ளி ஆசிரியர்கள் செய்ததை ஒரு வரியிற் கடந்துவிடுவர். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அந்த ஒரு வரியே பெரிதாகத் தோன்றுகிறது.

அவர் சிறுவனாயிருந்தபோது நடந்ததாக ஒரு கதை வழங்கி வருகின்றது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும், மூன்று பழத்தை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று என்று ஆசிரியர் விளக்கினாராம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா, பழமே இல்லாதபோது இல்லாத ஆளுக்கு ஒரு பழம் கிடைக்குமா என்று பையன் கேட்டானாம். கதை எவ்வளவு மெய்யோ, அத்தகைய கேள்வி நம் வகுப்புகளிலும் எழத்தான் செய்கிறது. "பாடத்துக்கு வெளியே போகாதே" என்ற பதிலும் உடனே எழுகிறது.

கதையை விடுவோம், நடந்ததைப் பார்ப்போம். அப்பள்ளியின் மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர், பள்ளியின் நேரசூசியைத் தயாரிக்கும் வேலையிற் பையன் இராமானுஜனைச் சேர்த்துக்கொண்டார். மாணாக்கர் சுமார் 1,200 பேர். ஆசிரியர் 35 பேர் அளவில். ஒருவர் ஒரே வேளையில் இரண்டு வகுப்பில் இருக்கலாகாது. எந்த வகுப்பும் ஆசிரியரின்றி நிற்கலாகாது. (நேரசூசி போட்ட அனுபவமுள்ள அதிபர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். தை மாதத்தில் அவர்களுக்கு நித்திரை வருவதில்லை.) இது பாடநூற் பயிற்சி அன்று, விடை நூலின் கடைசிப் பக்கத்தில் இல்லை, பிழைத்தால் மறுநாட் காலையில் வகுப்பே குழம்பிவிடும். பையனுடைய ஆற்றலுக்கு ஏற்ற மெய்யான வேலை ஒன்றை அவ்வாசிரியர் கண்டெடுத்தார். என் கண்ணுக்கு அது எந்தப் பதக்கத்தினும் பெரிய மரியாதை.

பின்னர் 1903 இல் ஒரு நூல் இராமானுஜனின் கைக்கு வந்தது. ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர், பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்காகத் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. ஏறத்தாழ 5,000 முடிபுகள் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நிறுவல் என்பது பெரும்பாலும் இல்லை. நல்ல நூல் என்று எவரும் அதைப் போற்றுவதில்லை. ஆனால் நிறுவல் இல்லாமையே அவருக்கு வரமாயிற்று. ஒவ்வொரு வரியும் "இது ஏன் மெய்?" என்று கேட்டு நின்றது. அவர் தாமே நிறுவிக்கொண்டு சென்றார். எல்லாவற்றையும் விளக்கிவிடும் அருமையான பாடநூல் ஒன்று கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு. முழுவதையும் சொல்லிக் கொடுத்துவிடும் ஆசிரியனும் அப்பாடநூலைப் போன்றவனே.

1904 இல் அவருக்குக் கணிதத்துக்கான ரங்கநாதராவ் பரிசை வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், உச்சப் புள்ளிக்கும் மேலான புள்ளிக்கு உரியவர் இம்மாணவர் என்ற கருத்துப்படச் சபையோருக்கு எடுத்துரைத்தார். அதன் பின் நடந்தது எல்லாரும் அறிந்ததே. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறிப் புலமைப்பரிசிலை இழந்தார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார், அங்கும் எஃப். ஏ. பரீட்சையிற் கணிதம் தவிர்ந்த பாடங்களில் விழுந்தார். அடுத்த ஆண்டும் அதுவே நிகழ்ந்தது. எனினும் அக்கல்லூரியில் சிங்காரவேலு முதலியார் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். கணித இதழ்களில் வந்த கடினமான வினாக்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஆசிரியரும் மாணவருமாக அவற்றோடு போராடினர். ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி! நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு உண்டு? விடை தெரியாத கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோனால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகிறோம்.

சிலர் இராமானுஜனை எடுத்துக்காட்டி, "மேதைக்கு ஆசிரியர் எதற்கு? தானே வளர்வான்" என்பர். இவ்வாதம் சோம்பலுக்கு வசதியானது. 1907 முதல் சில ஆண்டுகள் அம்மனிதர் வேலையின்றி, வருமானமின்றி, நோட்டுப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907 இல் நிறுவிய வி. இராமசாமி ஐயர் அந்த நோட்டைப் படித்துப் பார்த்ததும், நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்ததும் இல்லாதிருப்பின், 1913 இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதும் நிலைக்கு அவர் வந்திருப்பாரோ என்பது ஐயமே. வழியில் எவராவது ஒருவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். புரட்டுவார் இல்லாமற் போன பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது.

அக்கழகத்தின் இதழில் 1911 இல் அவர் வெளியிட்ட வினா ஒன்றைச் சொல்கிறேன். பத்தாந் தரத்துப் பிள்ளை ரசிக்கலாம். 3 என்பது 9 இன் வர்க்கமூலம். 9 ஐ 1 + 2 × 4 என்று எழுதலாம். அந்த 4 என்பது 16 இன் வர்க்கமூலம். 16 ஐ 1 + 3 × 5 என்று எழுதலாம். அந்த 5 என்பது 25 இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே மூலத்துக்குள் மூலமாக முடிவின்றிப் போய்க்கொண்டிருக்கலாம். இராமானுஜன் இதனைத் தலைகீழாகத் திருப்பி, அந்த முடிவில்லாத வர்க்கமூல அடுக்கை மட்டும் எழுதி, இதன் பெறுமானம் என்ன என்று கேட்டார். ஆறு மாதமாகியும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. 3 என்ற விடையை அவரே கொடுக்க வேண்டியதாயிற்று. முடிவின்றிச் செல்லும் அடுக்கு ஏன் உறுதியாக 3 இலேயே வந்து நிற்கிறது என்பதைக் குறைவற நிறுவ மேற்படிப்பு வேண்டும். ஆனால் ஏணியின் முதற்படி வர்க்கமூலம் கற்ற எந்தப் பிள்ளைக்கும் எட்டுவதே. நல்ல கேள்விக்கு இலக்கணம் இதுதான் என்பேன்: முதற்படி தாழ்வாயிருக்க வேண்டும், கடைசிப்படி கண்ணுக்குத் தெரியாதிருக்க வேண்டும்.

இதழில் வினாப் போடுவது என்றதும் ஹங்கேரி நாடு நினைவுக்கு வருகிறது. அங்கே டியோர் என்னும் ஊரில் டானியல் அரானி என்ற பாடசாலை ஆசிரியர் 1894 இல் உயர்தரப் பாடசாலை மாணவருக்காக ஒரு கணித இதழைத் தொடங்கினார். மாதந்தோறும் வினாக்கள் வரும். பிள்ளைகள் தபாலில் விடை அனுப்புவர். சிறந்த விடையை அனுப்பியவரின் பெயரோடு அச்சிடுவர். மூலையில் ஒரு சிற்றூரில் தனியே இருந்த பிள்ளைக்கும் தன்னைப் போன்ற வேறு பிள்ளைகள் நாட்டில் உண்டு என்று தெரியவந்தது. பின்னர் அவ்விதழை நடத்திய லாஸ்லோ ராட்ஸ் என்பவர் புடாபெஸ்ட் நகரப் பாடசாலை ஆசிரியர். தம் வகுப்புக்கு வந்த ஜோன் வொன் நொய்மான் என்ற சிறுவனின் ஆற்றலைக் கண்டதும் தந்தையிடம் பேசி, பல்கலைக்கழகத்தாரிடம் அவன் தனியே கணிதம் கற்க ஏற்பாடு செய்தார். ஆனால் அவனை வகுப்பிலிருந்து பிரித்துவிடவில்லை. தன் வயதுப் பிள்ளைகளோடு இருந்தே அவன் பாடசாலைப் படிப்பை முடித்தான். இந்த இரண்டாவது செய்தியும் முதலாவதைப் போலவே எனக்குப் பிடிக்கும். பின்னாளிற் கணினியின் அமைப்புக்கே வழிவகுத்தவர் அவர்.

தமிழரிடையும் அத்தகைய ஆசிரியர் இருந்தார். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியிற் கணிதம் கற்பித்த பி. கே. ஸ்ரீனிவாசன், தம் பள்ளி மாணவரைக் கொண்ட எண் நண்பர் கழகத்தின் வாயிலாக, இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் திரட்டி 1968 இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இராமானுஜனை ஆராய வந்த மேனாட்டுப் பேரறிஞர்களும் அவற்றைத் தேடி எடுத்தனர். பல்கலைக்கழகம் ஒன்று செய்யவேண்டிய வேலையைப் பாடசாலைக் கழகம் செய்தது. 1993 இல் இராயபுரத்தில் இராமானுஜனுக்கு ஓர் அரும்பொருட் கூடத்தையும் அவரே அமைத்தார்.

இனி நமது வகுப்புக்கு வருவோம். ஏழாம் எட்டாந் தரத்தில் 1 முதல் 20 வரை கூட்டு என்று ஒரு பயிற்சி கொடுக்கிறோம். விரைந்த பிள்ளை, முதலையும் கடைசியையும் சோடி சேர்த்து 210 என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் 1 முதல் 50 வரை கூட்டு என்று சொல்வது வீண். நான் அவனிடம் கேட்பது இது: "9 ஐப் பார். 4 + 5 என்றும் எழுதலாம். 2 + 3 + 4 என்றும் எழுதலாம். அடுத்தடுத்து வரும் எண்களின் கூட்டுத்தொகையாக எந்தெந்த எண்ணை எழுதலாம்? எதை எழுத முடியாது?" ஐந்து நிமிடத்தில் அவன் இருபது எண்ணைச் செய்துவிடுவான். 15 ஐ மூன்று விதமாக எழுதலாம் என்று கண்டு மகிழ்வான். 45 ஐ ஐந்து விதமாக எழுதலாம் என்று சொன்னால் நம்பமாட்டான், தேடத் தொடங்குவான். சில எண்களோ எப்படி முயன்றாலும் பிடிகொடாமல் நிற்கும். அவற்றை ஒரு நிரலாக எழுதிப் பார்த்ததும் அவன் முகம் மாறும். அப்போது அவனிடம் ஒரே ஒரு சொல்: "ஏன்?" இந்த "ஏன்" அவனை ஒரு மாதம் வைத்திருக்கும். அதற்குள் காரணிகளும் ஒற்றை இரட்டையும் அட்சர கணிதமும் அவனை அறியாமலே அவன் கைக்கு வந்துவிடும்.

இதில் ஆசிரியருக்கு உள்ள கடினம் ஒன்றே. விடையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். பிள்ளை தவிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, பேசிப் பிழைக்கும் நமக்கு இலகுவன்று.

இன்னொன்று. நமது முன்னோரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு விதி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத் தொகை வருமாம். முள் நூறாயின் சுளை நூற்றிருபது. இவ்விதியை மேடையிற் சொல்லிக் கைதட்டு வாங்குவோர் பலர். பழத்தை வெட்டி எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? பன்வில மலைச்சரிவில் பலாமரத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். இருபது பழத்துக்கு முள்ளும் சுளையும் எண்ணி அட்டவணை போடட்டும். காம்பருகு என்பது எத்தனை வரி முள் என்று அவர்களே வாதிடட்டும். விதி சொன்ன தொகைக்கும் எண்ணிய தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபிற் குறிக்கட்டும். விதி பொய்த்தால் முன்னோருக்குக் குறைவு வந்துவிடாது. பொய்க்காவிட்டால் ஏன் என்று கேட்கலாம். இரண்டாயினும் சுளை மிஞ்சும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் கூறவேண்டும். ஆண் பிள்ளை சலித்தால் சத்தம் போடுகிறான். அதனால் நமக்குத் தெரிகிறது. பெண் பிள்ளை சலித்தால் கொப்பியின் ஓரத்தில் பூக்கோலம் போட்டுக்கொண்டு அமைதியாயிருக்கிறாள். "நல்ல பிள்ளை" என்று எழுதிவிடுகிறோம். அந்தக் கோலத்தின் புள்ளிகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சில வேளை ஆசிரியர் சொன்னதினும் நல்ல கேத்திர கணிதம் அதில் இருக்கும். அதுபோலவே, விரைவு மட்டும் திறமைக்கு அடையாளமன்று. எல்லாருக்கும் பின்னால் முடித்துவிட்டு, "சேர், இந்தச் சூத்திரம் எப்பவும் சரி வருமா?" என்று மெதுவாகக் கேட்கும் பிள்ளையை நான் முதலில் முடித்த பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்துவேன். ஒருவருக்கொருவர் மருந்து.

"இதனால் பரீட்சையிற் புள்ளி கூடுமா?" என்று பெற்றார் கேட்பர். நியாயமான கேள்வி. மலையில் கொழுந்து எடுத்து, நிறுவையிற் கழிவு போக எஞ்சிய கிலோவுக்குச் சம்பளம் வாங்கும் தாய், பிள்ளையின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்குக் கேட்கவே செய்வார். புள்ளி கூடும் என்று என்னால் உறுதி எழுதித் தர இயலாது. அந்தப் பிள்ளைக்குப் புள்ளி ஏற்கெனவே இருக்கிறது. அவனிடம் இல்லாது போகக்கூடியது வேறு. மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கத்துத் தோட்டங்களில் வளரும் பிள்ளை உயர்தரத்திற் கணிதப் பிரிவு படிக்க விரும்பினால், பல பாடசாலைகளில் அப்பிரிவே இல்லை. மலையிறங்கி வத்தேகமையைத் தாண்டிக் கண்டிக்குப் போகவேண்டும். விடியுமுன் பஸ் ஏறவேண்டும். அல்லது உறவினர் வீட்டிலே தங்கவேண்டும். வீட்டிலே "எதுக்கு இவ்வளவு கஷ்டம், கலைப்பிரிவே படி" என்று அன்போடு சொல்வர். அப்போது அவனை பஸ்ஸில் ஏற்றுவது பெறுபேற்றுத் தாளில் உள்ள 'ஏ' அன்று. கணிதம் என்பது சலிப்பு என்று எட்டாந் தரத்தில் முடிவு செய்தவன், சாதாரண தரத்தில் 'ஏ' எடுத்தும் ஏறமாட்டான். விடை காணாத கேள்வி ஒன்றை மனத்தில் வைத்திருப்பவன் ஏறுவான். நான் கண்ட பிள்ளைகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

செய்முறை மிகச் சிறிது. பாடசாலை அறிவித்தற் பலகையின் ஒரு மூலையில், திங்கட்கிழமை தோறும் கையால் எழுதிய ஒரு வினா. தரம் குறிக்க வேண்டாம். ஆறாந் தரத்தான் பதினோராந் தரத்தானை முந்தட்டும். புள்ளியும் பரிசும் வேண்டாம். விடையை மட்டும் எழுதியவனுக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்துக் காரணம் கேளுங்கள். நல்ல காரணத்தை எழுதிய பிள்ளையின் பெயரை அடுத்த கிழமை அதே பலகையில் இடுங்கள். பெற்றாருக்கு வேலை அதனினும் சிறிது: பிள்ளை இரவில் கொப்பியை நீட்டி ஏதோ காட்ட வந்தால், விளங்காவிட்டாலும் கடைசிவரை கேளுங்கள்.

பலகை இல்லாத பிள்ளைகள் இப்பகுதியையே பலகையாக வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாத எண்கள் எவை, ஏன் முடியாது? 1 முதல் 40 வரை செய்து பார்த்து, ஆசிரியர் உதவியின்றிக் கடிதம் எழுதுங்கள். பெயரும் தரமும் குறிப்பிட வேண்டும். எண்களின் நிரலை மட்டும் அனுப்புவோர்க்கு, "ஏன்?" என்று கேட்டுத் திரும்ப எழுதுவேன்.